கடலுக்குப் போகுமுன் போட்ட மாத்திரை

என் கண்ணுக்குள்ளேயே இருக்கும் அய்யாவுக்கு,

தம்பி சேவியருக்கும் சுகர் வந்துவிட்டது. நீங்கள் போட்ட அதே மாத்திரையைத்தான் அவனுக்கும் முதலில் கொடுத்தார்கள். போன வாரம் ராமநாதபுரத்தில் வேறு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அந்த அம்மா சீட்டைப் பார்த்ததுமே அந்த மாத்திரையை அடித்துவிட்டார்.

"கடலுக்குப் போறவருக்கு இது சரிவராது. போட்டுட்டு நேரத்துக்குச் சாப்பிடலைன்னா சுகர் ரொம்ப இறங்கிடும். வேர்க்கும், உளறுவாங்க. உடனே சீனி கொடுக்கணும். இப்ப அந்த அளவுக்கு இறக்காத மாத்திரை இருக்கு."

சோறும் கொஞ்சம் தின்னலாமாம், மீனைக் கூட்டிக்கொண்டால் போதுமாம். உங்களுக்குச் சோற்றைக் கண்ணிலேயே காட்டக் கூடாது என்றார்களே! அன்றைக்குச் சொன்னது பொய்யா, இன்றைக்குச் சொல்வது பொய்யா? நாளைக்கு இதையும் அடித்துவிட்டு வேறொன்று எழுத மாட்டார்கள் என்பதற்கு என்ன நிச்சயம்? எனக்கு எவர் பேச்சிலும் நம்பிக்கை இல்லை, அய்யா.

வேர்க்கும், உளறுவார்கள் என்றாரே, அதுதான் நெஞ்சை அறுக்கிறது. சாப்பாட்டுக்கு முன் போடச் சொன்னார்கள் என்று கரையிலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டு வள்ளம் ஏறுவீர்கள். வலை இழுத்த பிறகுதானே சோற்றுச் சட்டியைத் திறப்பீர்கள்? கடைசி நாளும் அப்படித்தான். வேர்த்துக் கொட்டி, சீனி போட்ட டீ கேட்டிருக்கிறீர்கள். சுகர் ஏறிவிட்டது என்று பயந்துபோய், கூட வந்த சித்தப்பாதான் டீயைப் பிடுங்கி வைத்தார். அண்ணன் மேல் அவ்வளவு பாசம். கரை சேருமுன் போய்விட்டீர்கள். நெஞ்சுவலி என்றார்கள், நம்பினோம். இப்போது நம்ப முடியவில்லை.

தம்பியும் சித்தப்பா வள்ளத்தில்தான் போகிறான். புது மாத்திரையை நம்பிச் சும்மா இருக்க முடியுமா? நேற்று கரைக்குப் போய், "தம்பிக்கு வேர்த்துச்சுன்னா, உளறுனான்னா, நெனவு இருக்கையிலேயே சீனியக் கரைச்சுக் குடுத்துருங்க சித்தப்பா" என்றேன்.

"சுகர்காரனுக்குச் சீனியா? என்ன தாயி, புத்தி பெசகிருச்சா?" என்று சிரித்தார். காரணத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. கையிலிருந்த வலையைக் கீழே போட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"அப்ப... அண்ணனுக்கு?"

"அய்யாவுக்கு நெஞ்சுவலிதான் சித்தப்பா. அப்பவே டாக்டர் சொன்னாருல்ல."

நம்பினாரா, தெரியவில்லை. அவருக்கு வாசிக்கத் தெரியாது, அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். வாசிக்கிறவர்கள் யாரும் போய்ச் சொல்லிவிடாதீர்கள். நானும் சாகிறவரை பேச்சை மாற்ற மாட்டேன், இது உங்கள் மேல் சத்தியம். ஒருநாள் அவர் அங்கே வந்து கேட்பார். நீங்களும் நெஞ்சுவலி என்றே சொல்லிவிடுங்கள், அய்யா.

உங்கள் மூத்த மகள்,
மேரி