ஹரி வாசித்துக்கொண்டே இருந்தான்

பசுமலை,
புதன்கிழமை.

அன்புள்ள தீப்திக்கு,

அம்மா எழுதுவது. யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, பதறாமல் படி. போனில் சொல்லலாம் என்றால் நீ கூப்பிட்டதுமே உன் தம்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறான். தன்னைப் பற்றிய பேச்சென்றால் ஹரிக்குப் புரிந்துவிடும். அதனால்தான் இந்த மெயில்.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும். காதை மூடிக்கொண்டு வெளியே போ. இங்கே இரண்டு நாளாக மழை, காளவாசலில் பஸ் நகரவில்லை. கல்லூரியில் விடைத்தாள் திருத்தும் வேலை முடிந்தபாடில்லை.

உன் சிநேகிதன் விக்ரம் எடுக்கும் ஆவணப்படத்தைப் பற்றி எழுத வேண்டும். கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளின் பேண்டு செட்டைப் படமெடுக்கப்போகிறான் என்று நீ சொன்னபோதே எனக்கு அரைமனசுதான். பார்ப்பவர்களை அழவைக்கத் தெரிந்த இன்னொரு ஆள் என்று நினைத்தேன். பையன் நல்லவன்தான். ஹரிக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது. விடிந்ததும் 'விக்ரமண்ணே எப்ப வருவாரு' என்றுதான் ஆரம்பிக்கிறான்.

அந்தச் செட்டில் ஹரி பெரிய டிரம் வாசிப்பது உனக்குத் தெரியும். நிறுத்துவது எப்படி என்று தெரிந்திருக்காது, அது நீ போன பிறகு வந்த ஏற்பாடு. பாட்டு முடிந்துவிட்டது என்பது அவனுக்குத் தானாகப் பிடிபடாது. அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் மொக்கைச்சாமி மாஸ்டர் கல்யாண பேண்டு செட்டில் கிளாரினெட் ஊதியவர். கடைசி அடி விழுந்ததும் பக்கத்தில் நிற்பவர் ஹரியின் இடது தோளைத் தொட வேண்டும் என்று அவர்தான் பழக்கிவிட்டார். தொட்டால் சட்டென்று நிற்பான், சிரிப்பான். மற்ற பிள்ளைகள் யாரும் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. பாட்டோடு பாட்டாகச் செய்துவிடுகிறார்கள்.

போன சனிக்கிழமை பயிற்சிக் கூடத்தில் படப்பிடிப்பு. மாஸ்டர் ஒரு துக்கத்துக்குப் போயிருந்தார். வெளிச்சத்தம் வராமலிருக்கக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். பாட்டு முடிந்தது. டிரம் மட்டும் நிற்கவில்லை. யாரோ தொட மறந்துவிட்டார்கள், இதோ தொடுவார்கள் என்று இருந்தேன். வேகம் கூடிக்கொண்டே போனது. கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. இன்னும் பலமாகத் தட்டினேன்.

திறந்தபோது சரண்யாதேவி ஹரியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தாள். ஜால்ரா போடும் கொட்டாம்பட்டிப் பெண், நான் அனுப்பிய போட்டோவில் பார்த்திருப்பாய். விக்ரமைப் பார்த்து, 'ஏ தாடி, ஒனக்கு அறிவிருக்கா? தொடாதேங்கிற! அவன் கை என்னத்துக்கு ஆகும்?' என்று கத்திக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை யாரும் தொட வேண்டாம், அவனே நிறுத்துகிறானா பார்ப்போம் என்று விக்ரம் சொல்லியிருக்கிறான். பெரியவர்கள் சொன்னால் இந்தப் பிள்ளைகள் கேட்பார்கள். அப்படித்தானே வளர்த்தோம். ஹரியின் உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது.

விக்ரம் மன்னிப்புக் கேட்டான். மறுநாள் லேப்டாப்பில் அந்தக் காட்சியைப் போட்டும் காட்டினான். 'படத்தோட உயிரே இதுதான் ஆன்ட்டி. தன்னையே மறந்து வாசிக்கிறான் பாருங்க' என்றான். பார்த்தேன். ஹரி அடித்துக்கொண்டே இடது பக்கம் திரும்பிப் பார்க்கிறான். யாரும் வரவில்லை. மறுபடி அடிக்கிறான், மறுபடி பார்க்கிறான். அது பயந்த முகம், தீப்தி. இத்தனை நாள் கூடவே இருந்த விக்ரமுக்கே அது தெரியவில்லை என்றால் வேறு யாருக்குத் தெரியப்போகிறது? வகுப்பில் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த முகம் வந்துவிடுகிறது. என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்று மாணவிகளைக் கேட்க வேண்டியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை கொட்டாம்பட்டித் திருவிழாவில் இவர்கள் கச்சேரி. கூட்டம் இருக்கும், வெடி போடுவார்கள். அதையும் படமெடுக்கிறார்கள். போக வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். ஹரி பேண்டு சட்டையை மாட்டிக்கொண்டான், கழற்ற மாட்டேன் என்கிறான். மாஸ்டர், 'நான் பக்கத்துலயே நிக்கிறேன் டீச்சர். எவன் சொன்னாலும் நகர மாட்டேன். அம்புட்டுப் பயம் எதுக்கு?' என்கிறார். அவருக்கே நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நானும் மேடையில் நிற்கிறேன் என்று விக்ரமிடம் சொன்னேன். அம்மா வந்து நின்றால் படத்தின் கதையே மாறிவிடும் என்றான். மாறட்டும். நிற்கப்போகிறேன்.

நீ விக்ரமிடம் பேசு. அந்தக் காட்சியை எடுத்துவிடச் சொல். நான் சொன்னால் அம்மாவின் பயம் என்கிறான், நீ சொன்னால் கேட்பான். படம் திரையிடும்போது ஹரியும் அரங்கில் உட்கார்ந்திருப்பான். சுற்றிலும் கைதட்டுவார்கள். திரையில் தன்னைப் பார்த்து அவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

இன்னொன்று. லீவு கிடைக்கும்போது வா. வந்தால் பயிற்சிக்கு நீதான் அவனைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். நான் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன். தோளைத் தொடும் புதுக் கை அவனுக்குப் பழக நாளாகும். ஏன் இப்போதே என்று கேட்காதே.

சாமி பேரைச் சொல்லிக் கடிதம் முடிப்பவள் இல்லை நான். இந்த ஒரு தடவை சொல்கிறேன். மீனாட்சி உன்னையும் அவனையும் சேர்த்தே வைத்திருக்கட்டும்.

அம்மா,
பாகீரதி