தம்பிக்குச் செய்த தெரு

ஜூலை 7, திங்கள்

காலை எட்டுக்கே வெயில் சுள்ளென்று. நான் வேலை செய்யும் நோட்டு, பேனாக் கடையில் பழைய சரக்கு ஒதுக்கும் வேலை. முதலாளி மேடம் லோ இரண்டு சாமான்களை என் பக்கம் தள்ளினார். ஒன்று, அட்டை கிழிந்த இந்த நோட்டு. இன்னொன்று, பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் வெள்ளைக் களிமண், பதினொரு பாக்கெட். சூளை வேண்டாம், காற்றிலேயே காய்ந்துவிடும் வகை. ஓரம் இறுகிப் போனதால் விற்க முடியாது. "எடுத்துட்டுப் போ, குப்பைக்குப் போக வேணாம்" என்று மலாயில் சொன்னார்.

நோட்டு எனக்கு. களிமண் தம்பிக்கு.

தம்பி குமரேசன். இனி கு. வயது முப்பத்தொன்பது. பதினாறு வருஷம் எண்ணெய்ச் செம்பனைக் குலை லோரி ஓட்டியவன். இனிப்புநீர் வியாதி போன வருஷம் இடது கண்ணை எடுத்தது, தீபாவளிக்கு முன்னால் வலதையும். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் வேலைக்குப் போனால் அவன் நாற்காலியில். வந்து பார்த்தாலும் அதே நாற்காலியில்.

மண்ணை நனைத்துக் கையில் கொடுத்தேன். பிசைந்தான்.

"கொழுக்கட்ட மாவு மாதிரி இருக்கு. என்னா செய்யணும் இத வச்சி?"

"ஒனக்குத் தோணுனத."

"எனக்கு ஒன்னும் தோணல அக்கா."

இரவுக்குக் கீரை, நெத்திலி. அவனுக்கு ஊசி போட்டாச்சு. சர்க்கரை 9.1.

ஜூலை 8, செவ்வாய்

பிற்பகல் மழை. குடை கடையிலேயே மறதி.

காலையில் கிளம்பும்போது கேட்டைப் பூட்டினேன். தினமும் பூட்டுகிறேன். எழுதவே கை கூசுகிறது. டிசம்பரில் ஒரு நாள் தனியாகக் கம்பை எடுத்துக்கொண்டு போனவன், இரண்டு வீடு தள்ளி ரோட்டோர லோங்காங் சாக்கடையில் விழுந்தான். முழங்காலுக்குக் கீழே சாக்கடைத் தண்ணீரோடு காயம். ஆற இரண்டு மாதம். காலை எடுக்க வேண்டி வருமோ என்று நான் தூங்காத நாட்கள். அதற்கப்புறம் அவன் வெளியே போகக் கேட்கவில்லை. நான் பூட்ட ஆரம்பித்தேன். இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

சாயங்காலம் அவனாகவே கேட்டான். "பாயோட தேத்தண்ணிக் கட இன்னும் அங்கதான் இருக்கா?"

இல்லை, மூன்று கடை தள்ளி மாறிவிட்டது, நடுவில் லோங்காங்கைக் கொஞ்சம் மூடியிருக்கிறார்கள், கொஞ்சம் திறந்திருக்கிறது என்றேன். எந்தக் கையோரம், எத்தனை எட்டு என்று கேட்டான். சொல்லத் தெரியாமல் நானே குழம்பினேன். கடைசியில் அந்த மண்ணை உருட்டிச் சாப்பாட்டு மேசையிலேயே தெருவைப் போட்டுக் காட்டினேன். அவன் விரலைப் பிடித்து, "இது நம்ம வீடு, இது ரோடு" என்று இழுத்துக்கொண்டு போனேன்.

பாதி வழியில் விரல் நின்றது.

"இங்க வளையணுமே. நீ நேரா போட்டுட்ட."

அவன் சொன்னது சரி. மாங்காய் மரத்துக்கிட்ட ரோடு வளைகிறது. பத்து வருஷமாக நடக்கிறேன், கவனித்ததே இல்லை.

ஜூலை 9, புதன்

பலகையில் ஒழுங்காகச் செய்வதென்று முடிவு. வரிசை வீட்டுக்குப் பின்னால் யாரோ போட்ட செருப்பு அலமாரியின் கதவு கிடந்தது. ப்ளைவுட். கழுவிக் காய வைத்தேன்.

வேலை முடிந்து வரும்போது பாய் கடையிலிருந்து வீடு வரைக்கும் எட்டு எண்ணினேன். 412. நம்பாமல் திரும்பப் போய் எண்ணினேன். 405. எதிர்வீட்டு மல்லிகா அக்கா கேட்டிலிருந்து பார்த்துக்கொண்டே, "ஐயோ அலமாக், வாய் முணுமுணுக்குது, என்னா வேண்டுதலா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

பலகையில் கத்தியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, வெள்ளைப் பசை தடவி, பாட்டிலால் உருட்டிய மண்ணை ஒட்டினேன். அப்போதுதான் பிடிக்கும். வீடு, மரம், கம்பங்கள், கோயில், கடை, எல்லாம் மண்ணிலேயே. கோயிலுக்குக் கோபுரம்கூட வைத்தேன். எனக்கே பெருமை.

கு. இரண்டு கையாலும் தடவினான். திரும்பத் தடவினான்.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கு."

"எப்படி ஒரே மாதிரி? இது கோபுரம், இது மரம். நல்லா தொட்டுப் பாரு."

"தொட்டுத்தான் பாக்குறேன்."

எனக்குக் கோபம். இரண்டு நாள் பாடுபட்டுச் செய்தது. மனசு வைத்தால் தெரியும் என்று ஏதோ சொல்லிவிட்டேன். அவன் கையை மடியில் வைத்துக்கொண்டான்.

"வெரல் நுனி மரத்துப் போச்சி அக்கா. கொஞ்ச நாளாவே. ஒங்கிட்ட சொல்லல."

அடுப்படிக்குப் போய் நின்றேன். கண்ணோடு நிற்கவில்லை, கைக்கும் வந்துவிட்டது. அடுத்த முறை டாக்டரிடம் சொல்ல வேண்டும். மறக்கக் கூடாது.

உள்ளேயிருந்து அவன் குரல். "பெருசா இருந்தா தெரியுது. சில்லுன்னு இருந்தாலும் தெரியுது. இப்ப கரண்டியத் தொட்டேன், தெரிஞ்சிச்சி."

ஜூலை 11, வெள்ளி

அப்படியென்றால் மண் தரைக்கு மட்டும். மற்றதெல்லாம் சாமான்.

கடைக்குப் போகும் வழியில், வரும் வழியில், பொறுக்கினது, கேட்டு வாங்கினது:

லோங்காங்: தண்ணீர்க் குழாய், நீளவாக்கில் பாதியாக வெட்டினது. விரல் உள்ளே விழும்
மூடிய இடம்: தரை ஓடு ஒரு துண்டு
மின்கம்பங்கள்: போல்ட், ஐந்து
வேகத்தடை மேடு: தடிக் கயிறு
மாங்காய் மரம்: காய்ந்த மாங்கொட்டை, நாரோடு (கு. சிரித்தான்)
டயர் கடை: டயர் துண்டு, கடைக்காரர் ஹாலிம் அறுத்துக் கொடுத்தார்
கோயில்: நாக்கு இல்லாத பித்தளை மணி
பாய் கடை: பால் டின் மூடி, ஓரம் தட்டி மடக்கினது

வீட்டுக்கு என்ன வைப்பது என்று யோசித்தேன். கு. எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டே அறைக்குப் போனான். கட்டிலுக்கு அடியில் ஏதோ உருட்டும் சத்தம். கையில் ஒரு கறுப்புக் குமிழ். லோரி கியர்க் கம்பியின் தலையில் இருப்பது. புதுசு மாற்றியபோது பழையதை எடுத்து வைத்திருந்தானாம்.

"வீட்டுக்கு இத வை. இது எனக்குத் தப்பாது."

ஜூலை 13, ஞாயிறு

எல்லாம் கெட்டது. நேற்று புது மண் போட்டுச் சாமான்களைப் பதித்து, சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் வைத்தேன், மடத்தனம். ரோடு குறுக்கே மூன்று வெடிப்பு. மண் சுருங்கி டயரும் மணியும் கழன்று கையோடு வந்துவிட்டன. பலகை ஓரம் தூக்கிக்கொண்டது. எரிச்சலில் அழுகை. தூக்கிப் போட்டுவிடலாம் என்றேன்.

கு. வெடிப்பில் நகத்தை விட்டுப் பார்த்தான். "மழைக்கப்புறம் தோட்டத்து ரோட்ட நீ பாத்ததில்ல. அதுல குல ஏத்திக்கிட்டு ஓட்டியிருக்கேன். இத ஒட்டிடலாம் லா."

ஒட்டினோம். மண்ணில் பசையும் தண்ணீரும் விட்டுத் தோசை மாவு மாதிரி கரைத்து வெடிப்பில் அடைத்தோம். நான் ஊற்ற, அவன் கட்டை விரலால் அழுத்தினான். அழுத்துவதற்கு நுனி விரல் வேண்டாம். என்னைவிட நன்றாக அழுத்தினான். பலகை தூக்கிய இடத்தில் இரண்டு செங்கல். மேலே ஈரத்துணி. வெயில் வேண்டாம், விசிறி வேண்டாம், மூன்று நாள் அப்படியே.

அவன் சட்டையெல்லாம் வெள்ளை. சர்க்கரை 7.4.

ஜூலை 16, புதன்

காய்ந்தது. ஒரு மயிரிழை வெடிப்பு மட்டும். கழன்ற சாமான்களைத் திரும்பப் பசை போட்டு ஒட்டினேன். மேலே பசைத் தண்ணீர் இரண்டு பூச்சு.

சாயங்காலம் முழுக்க அவன் அதில் நடந்தான். "கேட். எடது பக்கம். ஒரு போல்ட், ரெண்டு போல்ட், மூணு போல்ட். கயிறு. மாங்கொட்ட, வளைவு. குழா, குழா, ஓடு. இங்க தாண்டணும்." வாய்ப்பாடு மாதிரி. திரும்பி வரும் வழியையும் சொன்னான். அது நான் யோசிக்காதது.

சாப்பிடும்போது சாதத்தைப் பார்த்துப் பேசுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னான். "நாளைக்குக் கேட்டப் பூட்டாம போ."

நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"பூட்டு சத்தம் எனக்குக் கேக்கும் அக்கா. தெனமும் கேக்கும். நீ மெதுவாதான் பூட்டுற. அப்பயும் கேக்கும்."

ஜூலை 17, வியாழன்

பூட்டினேன்.

கேட்டுக்கு வெளியே ஐந்து நிமிஷம் நின்றேன். லோரி ஒன்று போனது. பூட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் பலகை சுவரில் சாத்திக் கிடந்தது, முகம் சுவரைப் பார்த்து. கு. சாப்பிடவில்லை. ஊசிக்கு மட்டும் கையை நீட்டினான்.

ஜூலை 18, வெள்ளி

மேடம் லோவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், பூட்டையும் சேர்த்து. திட்டுவார் என்று நினைத்தேன். விலைச்சீட்டு ஒட்டுவதை நிறுத்தாமல் கேட்டார். "விழுந்தா எழுந்திருக்கத் தெரியும்தானே அவனுக்கு?"

தெரியும்.

கு.விடம் போய்ச் சொன்னேன். "நாளைக்கு நான் கூட வரேன். ஒரு தடவ பாத்துக்கிட்டா, அப்புறம் பூட்டல."

"கையப் புடிக்கக் கூடாது."

"சரி."

"பத்து எட்டு பின்னாடி வரணும். பேசக் கூடாது."

சரி என்றேன். தட்டை இழுத்து வைத்துக்கொண்டு இரண்டு சப்பாத்தி சாப்பிட்டான்.

ஜூலை 19, சனி

அரை நாள் வேலை. நாலு மணிக்குக் கிளம்பினோம். கதவுக்குப் பின்னால் ஏழு மாதமாக நின்ற வெள்ளைக் கம்பைத் துடைத்துக் கொடுத்தேன். அவன் நல்ல சட்டை போட்டிருந்தான்.

முதல் கம்பத்தைக் கம்பால் தட்டினான். இரண்டாவது. மூன்றாவதைக் கையாலேயே தொட்டான். "இது சில்லுன்னு இல்ல. சுடுது." எனக்குச் சிரிப்பு, சத்தம் வராமல் அடக்கினேன். மாங்காய் மரத்தில் சரியாகத் திரும்பினான்.

லோங்காங் வந்ததும் நின்றுவிட்டான். விழுந்த இடம் இது இல்லை, ஆனாலும் அதே தண்ணீர் சத்தம். பின்னால் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்தது. நான் ஓரடி முன்னால் வைத்தேன்.

"அக்கா, வராத."

நின்றேன். கம்பை வைத்துத் தேடினான். டக், டக், டக். பிறகு சத்தம் மாறியது. சிமெண்டுப் பலகை. அதில் ஏறினான். மூன்று எட்டு. அந்தப் பக்கம்.

டயர் கடையைத் தாண்டும்போது ரப்பர் வாசம் வருகிறது, இடம் சரி என்று அவனே சொல்லிக்கொண்டான். ஹாலிம் கையில் ஸ்பேனரோடு எழுந்து நின்றார். என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

பாய் கடையில் பாய் வடையைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "குமரேசனா? வா வா. உக்காரு." சுத்தமாக இருந்த மேசையை இரண்டு தடவை துடைத்தார். "தே தாரிக்?"

"அந்தப் பால் தேத்தண்ணியெல்லாம் நிறுத்தியாச்சி பாய். தே ஓ கொசோங். சீனி போட்டுறாதீங்க."

சீனியும் பாலும் இல்லாத அந்தக் கறுப்புத் தேநீரை அரை மணி நேரம் குடித்தான். நான் கடைசி மேசையில், பத்து எட்டு தள்ளி.

ஜூலை 21, திங்கள்

பூட்டவில்லை. பூட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன், வைத்துவிட்டுப் போகத் தோன்றவில்லை.

ஒன்பதரைக்குப் போன் செய்தேன், எடுத்தான். பத்துக்கு எடுத்தான், "வேலையப் பாரு" என்றான். பத்தரைக்கு எடுக்கவில்லை. திரும்பச் செய்தேன். எடுக்கவில்லை. மேடம் லோ என் முகத்தைப் பார்த்துவிட்டு, போய்ப் பார்த்துவிட்டு வா என்றார்.

பாய் கடைக்கு எதிர்ச் சாரியில் நின்று பார்த்தேன். உட்கார்ந்திருந்தான். பழைய லோரிக்காரர்கள் இரண்டு பேர் அவன் பக்கத்தில். இவன் தண்ணீரில் விரலை நனைத்து மேசையில் ஏதோ கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். அவர்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன் மேசையில் கிடந்தது, சத்தத்தை நிறுத்தி வைத்திருப்பான்.

ரோட்டைத் தாண்டாமல் திரும்பிவிட்டேன். பிற்பகலில் நல்ல வேலை. பேனா பெட்டிகள் எல்லாம் அடுக்கியாச்சு.

சாயங்காலம் கு. சொன்னான். "எதிர்ல வந்து நின்னுட்டுப் போயிட்டியாமே. பாய் சொன்னாரு. வந்து ஒரு தே குடிச்சிட்டுப் போயிருக்கலாம்."

ஜூலை 22, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கு. மழை விட்டதும் போய்விட்டு வந்திருக்கிறான், பேண்ட் ஓரமெல்லாம் சேறு. நான் வந்ததும் பாக்கெட்டைக் காலி செய்து மேசையில் பரப்பினான். அடுத்த பலகைக்காம். பாய் கடையிலிருந்து முடிவெட்டும் கடை வரை.

நசுங்கிய பாட்டில் மூடி, இரண்டு
செம்பனைக் கொட்டை ஒன்று
சைக்கிள் சங்கிலி, நாலு கண்ணி
உடைந்த சிவப்புக் கண்ணாடி, ஏதோ காரின் பின்விளக்கு (ஓரம் கூர், தேய்க்க வேண்டும்)
ஒரு வளையம்

வளையம் என்னவென்று எனக்குத் தெரியவில்லை. பித்தளை, இருபது காசு அளவு, ஓரம் உள்ளே சுருட்டியிருக்கிறது. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவன் கையை நீட்டி வாங்கி, கட்டை விரலால் ஒரு தடவை தேய்த்தான்.

"கேன்வாஸ் வளையம். லோரி மேல போத்துற கேன்வாஸ்ல கயிறு கோக்குறது. முச்சந்தியில லோரி திரும்புற எடத்துல இருந்துச்சி. கம்பு பட்டு டிங்குன்னு கேட்டுச்சி, குனிஞ்சி எடுத்தேன். முச்சந்திக்கு இதையே வை."

முச்சந்தி. பாய் கடையையும் தாண்டி, லோரியும் பஸ்ஸும் திரும்பும் இடம். அதுவரை நாங்கள் சேர்ந்து நடந்ததே இல்லை, அவன் தனியாகவே போயிருக்கிறான்.

வளையத்தை முச்சந்திக்கென்று தனியாக எடுத்து வைத்தேன்.

அங்கிருந்து முடிவெட்டும் கடைக்கு எத்தனை எட்டு என்று கேட்டேன்.