பதினேழாம் எண்ணின் ஒருசந்தி

மார்ச் 4, 2025, செவ்வாய்

இந்த வருடம் வருமானம் இருபது சதவீதம் கூடியிருக்கிறதாம். மேனேஜர் பீமாராவ் எல்லோருக்கும் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார். எனக்கு இறங்கவில்லை. எங்கள் செயலியில் காசு கொடுத்துச் சில்லு வாங்கிச் சீட்டாடலாம். ஜெயித்தாலும் ஒரு பைசா திரும்ப வராது. ஆடுகிறவர்கள் கால்வாசி குறைந்துவிட்டார்கள். ஆள் குறையக் காசு எப்படிக் கூடும்? எங்கேயோ இடிக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். லட்சம் பேரில் வெறும் இருநூறு பேர்தான் பாதி வருமானத்தைக் கொட்டுகிறார்கள். ஆண்டறிக்கையில் 'ஆபத்துகள்' என்ற பகுதியில், இவர்கள் நிறுத்தினால் நிறுவனம் சரியும் என்று எழுதினேன். பீமாராவ் சாருக்கு முகம் சுண்டிவிட்டது. "இம்புட்டுப் பச்சையா எழுதணுமாம்மா?"

எழுதிய நேரமோ என்னவோ, அந்த இருநூறில் ஒருவர், நம்ம மதுரைக்காரர், பட்டியலில் பதினேழாம் எண், புதன்கிழமையிலிருந்து ஒன்றும் வாங்கவில்லை. எங்கள் கணக்குப் பிரிவுக்கு ஆடுகிறவர் பெயரைக் காட்ட மாட்டார்கள்.

மார்ச் 10, திங்கள்

பதினேழு நேற்று மட்டும் வாங்கியிருக்கிறார். இன்று மறுபடி இல்லை. போன வருடமும் பிப்ரவரி 14-இல் நிறுத்தி, ஞாயிறுகளில் மட்டும் ஆடி, மார்ச் 31-இல் திரும்பியிருக்கிறார்.

"காதலர் தினத்துல எவளோ விட்டுட்டுப் போயிருப்பா, மேரிக்கா" என்று சிரித்தாள் பக்கத்து மேசை சரண்யாதேவி.

அது விபூதிப் புதன், ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு தொடங்குகிற நாள்! ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒருசந்தி நோன்பு கிடையாதே. நம்ம ஆள்!

பெருமை தாங்காமல் மேனேஜரிடம் ஓடினேன். "தவக்காலம் சார். ஈஸ்டருக்கு வந்துருவாரு." அவர் குறித்துக்கொண்டார். எதற்குக் குறித்தார்?

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

பூசையில் மனம் நிற்கவில்லை. குருத்தோலையோடு நின்ற ஆண்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். இரண்டு லாரி வைத்திருக்கிற இன்னாசிமுத்து அண்ணனா? போனைக் கையில் எடுத்தவர்கள் எல்லோர் மேலும் சந்தேகம்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஊர் வம்பு ஒனக்கு எதுக்கு?" என்று எரிந்து விழுந்தார் ஜெய்சன். இதற்கு எதற்கு அம்புட்டுக் கோபம்?

ஏப்ரல் 16, புதன்

பதினேழுக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்ப வேண்டுமாம். "ஈஸ்டருக்கு நீங்க எப்படிம்மா வாழ்த்துவீங்க?" என்றார் பீமாராவ். "உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகள், இன்று உங்களுக்கு மட்டும் இரட்டைச் சில்லு." நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

மகள் பெர்சி நர்சிங் சேரப் போட்ட டெபாசிட் ரசீது பீரோவில் இல்லை. ஜெய்சனிடம் கேட்டால், பேங்கில் இருக்கு என்கிறார்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

கறி கழுவிக்கொண்டிருந்தேன். சார்ஜில் கிடந்த ஜெய்சன் போன் மினுங்கியது. என் வரி. எழுத்துக்கு எழுத்து என் வரி.

ஈரக்கையோடு நின்றேன். அவர் வந்து போனை எடுத்துக்கொண்டு பைக்கில் போய்விட்டார். மூன்று மணி வரை வரவில்லை. ஆண்டவரே.

ஏப்ரல் 21, திங்கள்

"பதினேழு நேத்து ஒரே நாள்ல அறுபதாயிரம்! எல்லாம் நீங்க சொன்னதும்மா" என்றார் பீமாராவ். கைதட்டினார்கள்.

சாயங்காலம் ஜெய்சனை உட்காரவைத்துக் கேட்டேன். டெபாசிட்டைப் போன வருடமே உடைத்துவிட்டாராம். கத்த வாயெடுத்தேன். வாழ்த்து எழுதித் திரும்பக் கூப்பிட்டவள் நான்தானே.

கடைசியில் அவர் சொன்னது இதுதான்: "பெர்சிகிட்ட நீயே சொல்லிரு மேரி. எனக்கு வாய் வரல."