கோட்டில் சிந்தியது டீதான்

நேற்று மாலைச் சண்டையில் உன் கம்பளிக் கோட்டில் சிந்தியது எண்ணெயா டீயா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. காலையில் டிரைகிளீனிங் கடைக்காரர் என்ன கறை என்று கேட்டதும் எண்ணெய் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்தால், நாற்காலிக்கடியில் டீ காய்ந்து கிடக்கிறது.

தண்ணீரில் கம்பளி சுருங்கிவிடும் என்று அங்கே வேறு திரவத்தில் போடுகிறார்கள். அது எண்ணெயைக் கரைக்கும். டீயிலுள்ள சர்க்கரையைக் கரைக்காது. அதைத் தனியாக எடுக்காமல் இஸ்திரி போட்டால் சூட்டில் பழுப்பேறி நிலைத்துவிடும். நாளை இன்டர்வியூவுக்கு உனக்கு வேறு கோட் இல்லை. கடையில் போனை எடுக்கவில்லை, ஓடுகிறேன். இரவு வேலை முடிந்து தூங்குகிறாய், எழுப்பவில்லை. சாப்பாடு அடுப்பின் மேல்.

“நான் வெளியூர் வேலைக்குப் போறது பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லேன், இடிச்ச புளி மாதிரி உக்காந்திருக்கியே!” என்றாய். அதற்காகக் கோட்டைக் கெடுத்தேன் என்று மட்டும் நினைக்காதே.

பி.கு.: போய்வந்துவிட்டேன். மெஷினில் போடுமுன் கடைக்காரரிடம் டீ என்று சொல்லிவிட்டேன். “வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்திருக்கலாமே சார்” என்று சிரித்தார். பேச்சுவார்த்தை இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்ல?

கோட் மாலை வந்துவிடும். பாப்பா பள்ளிக்குப் போய்விட்டாள். நான் வேலைக்குக் கிளம்புகிறேன். நீ போவது எனக்குப் பிடிக்கவில்லைதான். இருந்தாலும் போ.