ஒரு பக்கம் மட்டும் கேட்ட குரல்

நாரந்தனை,
20.10.2003

அன்பு மகன் மிரோஜனுக்கு,

மாதாவின்ரை காவலில அம்மா இஞ்ச ஓரளவு சுகமாய் இருக்கிறன், நீயும் ஜெயந்தாவும் பிள்ளையும் அந்த நோர்வேக் குளிருக்குள்ள தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கவேணுமெண்டு மண்டாடிக்கொண்டு இதை எழுதுறன். முழங்கால் நோ முந்தின மாதிரித்தான், கோயிலில முழங்காலில நிக்க ஏலாது, கதிரையில இருந்துதான் செபிக்கிறன். மழை இன்னும் சரியா விழேல்லை, கிணத்துத் தண்ணி உப்பாப்போச்சு. முருங்கை நிறையக் காய்ச்சுக் கிடக்கு, தின்னத்தான் ஆளில்லை, ஒரு சுண்டு அரிசி போட்டால் எனக்கு ரண்டு நேரத்துக்குக் காணும். வீட்டில கதைக்க ஒருத்தரும் இல்லாததால சிலநேரம் ரேடியோவில செய்தி வாசிக்கிற பிள்ளைக்கே ஓம் ஓம் எண்டு சொல்லிப்போடுறன், சிரிக்காதை.

நீ உயிர்த்த ஞாயிறுக்குப் போன் எடுத்தபோது சொன்னாய், அண்ணேன்ரை முகம் படத்தில எண்டாலும் இருக்கு, குரல் மறந்துபோச்சு, எப்பிடி யோசிச்சாலும் வருகுதில்லை எண்டு. அதுக்குப் பிறகு நீ எடுக்கவே இல்லை, ஆறு மாதமாச்சு. குறை சொல்ல நான் இதை எழுதேல்லை. நீ வெளிக்கிட்ட நாளில ரண்டு பேரும் முகம் குடுக்காமல் பிரிஞ்சது எனக்குத் தெரியும். அப்பா செத்து மூண்டு மாதத்தில அம்மாவைத் தனிய விட்டிட்டுப் போறியோ எண்டு அவன் கத்தினான், நீ பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில ஏறினாய். பேந்து ரண்டு வரியத்தில அண்ணன் அமலதாஸ் அனலைதீவுப் பக்கம் மீன் தொழிலுக்குப் போய், வள்ளம் மட்டும்தான் கரைக்கு வந்தது. அவனோட கதைச்சு முடிக்க உனக்கு வழியில்லாமல் போச்சு. அது உன்ரை நெஞ்சை எப்பிடி அமத்துதெண்டு பெத்த எனக்குத் தெரியாதோ ராசா.

நீ சொன்னதில இருந்து எனக்கு உங்கட பழைய கொம்பியூற்றர் நினைவாவே இருந்தது. எண்பத்தொன்பதில மாமா கப்பல் வேலையால வரேக்க கொண்டந்தாரே, ரைப்ரைற்றர் மாதிரி தட்டையா, ரீவியில கொளுவிப் பாக்கிறது, அதுதான். தொண்ணூறில கரண்ட் நிண்ட பிறகு அது ஒருக்காலும் வேலை செய்யேல்லை, எண்டாலும் இடம்பெயர்ந்து போன இடமெல்லாம் அப்பா அதை அரிசிச் சாக்குக்குள்ள வைச்சு சைக்கிளில கட்டிக்கொண்டு திரிஞ்சவர். அதுக்குள்ள போடுற சதுரத் தட்டுகள், டிஸ்க் எண்டுவியள், பிஸ்கற் ரின்னுக்குள்ள இருந்தது. அதில ஒண்டில அண்ணேன்ரை கையெழுத்தில அம்மா எண்டு எழுதியிருக்கு. குரலைப் பிடிக்கிற குட்டிப் பெட்டியைப் பின்னால செருகி, அறைக் கதவைச் சாத்திப்போட்டு நீங்கள் ரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சது எனக்கு நல்ல நினைவு. என்னடா எண்டு கேட்டால் ஒருநாளும் சொன்னதில்லை.

இப்ப எங்கட ஒழுங்கைக்கும் கரண்ட் வந்திட்டுது, நானும் ஒரு சின்ன ரீவி வேண்டி வைச்சிருக்கிறன். எனக்கு இந்த வயர் வேலை ஒண்டும் விளங்காது, அதால புளியங்கூடலுக்குப் போய் சறோஜினிதேவி ரீச்சரைக் கேட்டன், உனக்கு ஏழாம் வகுப்பில கணக்குப் படிப்பிச்சவ. அவ தன்ரை வீட்டுப் படம் போடுற டெக்கில இருந்து வயரைக் கழட்டிக்கொண்டு பஸ்ஸில வந்திட்டா. கொம்பியூற்றருக்குப் பின்னால மஞ்சள், வெள்ளை, சிவப்பு எண்டு மூண்டு ஓட்டை, என்ரை ரீவியில மஞ்சளும் வெள்ளையும்தான். சிவப்புக்கு இடமில்லை, படத்துக்கு ஒண்டு, சத்தத்துக்கு ஒண்டு காணும்தானே எண்டு விட்டிட்டம். கரண்ட் ஆளியைப் போட, ஒரு கை தட்டைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற படம் வந்தது, நிறமில்லாமல். பழுதாப்போச்சோ எண்டு நான் பதறினன், ரீச்சர் அதின்ரை புத்தகத்தைப் பிரட்டிப் பாத்திட்டு, அந்த மஞ்சள் ஓட்டை கறுப்பு வெள்ளைதான் குடுக்குமாம், நீர் பயப்பிடாதையும் ஞானம் எண்டு என்னைத் தேத்தினா.

ரண்டு தட்டு பூஞ்சணம் பிடிச்சு உறுமிப்போட்டு நிண்டிட்டுது. அம்மா எண்டு எழுதினது கனநேரம் உறுமிப்போட்டு ஓடத் தொடங்கினது. மகன், அதில உன்ரை குரல் வந்தது. பன்னிரண்டு பதின்மூண்டு வயதுக் கீச்சுக் குரல். அம்மா பசிக்குது எண்டாய். பிறகு சத்தமில்லை. ஓம் கழுவினனான் எண்டாய், பிறகும் சத்தமில்லை. ரண்டு கையும்தான் அம்மா, பொய்யில்லை எண்டாய். அவ்வளவுதான். நீ யாரோ ஒராளுக்கு மறுமொழி சொல்லுறாய், அந்த ஆள் இல்லை. அண்ணேன்ரை பங்கைப் பூஞ்சணம் திண்டிட்டுது எண்டு நினைச்சு நான் சுவரைப் பிடிச்சுக்கொண்டு அழுதன். ரீச்சர் போன பிறகு எல்லாத்தையும் துணியால மூடி வைச்சிட்டன், ரண்டு கிழமை அந்தப் பக்கமே போகேல்லை.

பேந்து ஒருநாள் ரீச்சர் திரும்ப வந்தா. வெள்ளை வயரில வாற சத்தம் வேறையாம், சிவப்பில வாறது வேறையாம், இடம் வலம் எண்டு பிரிச்சு வருமாம், மற்றப் பாதி அந்தச் சிவப்புக்குள்ள இருக்கலாம் எண்டா. இப்பவே வயரை மாத்திக் கொளுவிப் பாப்பமோ எண்டும் கேட்டா. நான் மறிச்சுப்போட்டன். உன்னைத் தனியக் கேட்டதே காணும், அவனையும் தனியக் கேக்க எனக்குத் துணிவு வரேல்லை. அவவின்ரை பிள்ளையள் லண்டனில இருந்து வந்தபோது வேண்டிக் குடுத்த பெரிய ரீவியில ரண்டு சத்த ஓட்டையும் ரண்டு பக்கமும் ஸ்பீக்கரும் இருக்கு. அடுத்த நாள் கொம்பியூற்றரை மடியில வைச்சுக்கொண்டு பஸ்ஸில போனன். சென்றியில ஆமிக்காரப் பெடியன் பையைத் திறந்து எழுத்துக் கட்டைகளை அமத்திப் பாத்தான், மகன்ரை விளையாட்டுச் சாமான் எண்டன், விளங்கிச்சோ தெரியாது, தானே திரும்பக் கவனமா மூடித் தந்தான்.

ரீச்சர் மூண்டு வயரையும் கொளுவினா. இடப்பக்கத்தில இருந்து நீ பசிக்குது எண்டாய். வலப்பக்கத்தில இருந்து அமலதாஸ், என்னை மாதிரியே இழுத்து, கை கழுவினியோ எண்டான். நீ ஓம் எண்ட, ரண்டு கையுமோடா, பொய் சொன்னால் சேசு பாத்துக்கொண்டிருக்கிறார் எண்டான். நான்தான் அது, அச்சு அசல் என்ரை கதை! எனக்குச் சிரிப்பை அடக்க ஏலேல்லை. கடைசியில அவனுக்கே சிரிப்பு வந்து, தன்ரை சொந்தக் குரலில, டேய் சிரிக்காதை, பழுதாக்கிப்போடுவாய் எண்டு சொல்லிப்போட்டு, ரண்டு பேரும் சேந்து சிரிக்கிறியள். அதோட முடியுது. ரீச்சர் தேத்தண்ணி போடுறன் எண்டு குசினிக்குள்ள போனவ, கனநேரம் வரேல்லை. நான் மூண்டு தரம் போட்டுக் கேட்டன். பிறகு அவ வந்திருந்து, நான் என்ரை பிள்ளையளின்ரை குரல் ஒண்டையும் பிடிச்சு வைக்கேல்லை ஞானம் எண்டு மட்டும் சொன்னா.

அவவின்ரை கசெற் ரேடியோவில கொளுவி அதை ஒரு கசெற்றில பிடிச்சுத் தந்தா. உண்மையைச் சொல்லுறன், முதல்ல அனுப்பிறேல்லை எண்டுதான் இருந்தன், கேக்கிற ஆசையிலயாவது நீ வருவாய் எண்டொரு கள்ள நினைப்பு. அதை நினைக்கப் பிறகு வெக்கமாப்போச்சு. கசெற்றை இந்தக் கடிதத்தோட வைச்சிருக்கிறன். ரண்டு ஸ்பீக்கரும் வேலை செய்யிற செற்றில போடு, ஜெயந்தாவையும் பிள்ளையையும் பக்கத்தில வைச்சுக்கொண்டு கேள், தனிய இருந்து கேளாதை. நீங்கள் சண்டை பிடிச்சது ஒரு நாள்தான் மகன். அவன் உன்னோட சிரிச்ச நாளுகள் எத்தினை எண்டு பக்கத்து அறையில இருந்த எனக்குத் தெரியும்.

பிள்ளைக்குக் காதை மூடித் தொப்பி போட்டு விடு, நீயும் வேலை வேலையெண்டு சாப்பாட்டை விடாதை. அந்தோனியார் உங்கள் மூண்டு பேரையும் கைவிடமாட்டார், அம்மாவின்ரை ஆசீர் எப்பவும் உங்களோட. ஞாயிறு பூசை முடிய ஊர்காவற்றுறைப் போன் கடையில பத்து மணியில இருந்து இருப்பன், நம்பர் பின்பக்கத்தில எழுதியிருக்கு. உனக்குக் கதைக்க ஏலாட்டிலும் எடு, நீ பேசாமல் இருந்தாலும் அம்மா வைக்கமாட்டன்.

இப்படிக்கு,
உன்னைப் பெத்த அம்மா
யா. ஞானசவுந்தரி