எடுத்துக்கோ என்று சொல்லிவிட்டேன்

ஜனவரி 11, வியாழன்

இன்றைக்கும் மின்சூளையைப் பாதியில் அணைக்க வேண்டியதாயிற்று. நான் பால்கனியில் சூளையைப் போட்டால் கீழ்வீட்டில் விளக்கு மங்குகிறதாம். அந்த அம்மா கரண்டியால் வெந்நீர்க் குழாயில் தட்டுகிறாள், கட்டிடம் முழுக்கக் கேட்கிறது. வெள்ளைத் தேநீர்க் கிண்ணம் வாங்கி, வரைந்து, சுட்டு எடுக்கிறவளுக்கு சூளை அணைந்தால் அன்றைக்கு என்ன வேலை? படுத்துக் கிடந்தேன்.

தாலாய் வேலையிலிருந்து வந்ததும் சொன்னான், கோபமில்லாமல்தான். "கோடை வரைக்கும் பாரு, குந்துஸ். நடக்கலைன்னா வங்கிக்கே போயிடு. உன் நாற்காலி இன்னும் காலியாத்தான் இருக்காம்."

கோபித்திருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். கணவன் நியாயமாகப் பேசினால் பெண்டாட்டி என்னதான் செய்வது?

ஜனவரி 17

பக்கத்து வீட்டு பெகாயிம் மெழுகுவர்த்தி செய்து விற்கிறாள். படிக்கட்டில் பிடித்துக்கொண்டாள். அவளும் இன்னும் இரண்டு பேரும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூடுகிறார்களாம். எல்லோரும் வீட்டில் உட்கார்ந்து கையால் தொழில் செய்கிறவர்கள். ஒருத்தி தொழிலை மற்றவர்கள் பார்த்து, எது சரி, எது தப்பு என்று முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். "தனியா உக்காந்து சுவரோட பேசிட்டிருக்கியே, அதுக்கு இது மேல் இல்லையா?" என்றாள்.

சுவரோடு பேசுவது இவளுக்கு எப்படித் தெரியும்? சுவர் அவ்வளவு மெல்லிசா?

ஜனவரி 25, வியாழன்

போனேன். ஜிபார் அக்கா வீடு. தோல்பை தைக்கிறவர், எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். ஏதோ பயிற்சிக்குப் போய் வந்திருக்கிறார். சுவரில் விதிகளை ஒட்டி வைத்திருக்கிறார்: உண்மையைச் சொல். புகழாதே. கேள்வி கேள். ஒருத்திக்கு இவ்வளவு நேரம்தான் என்று காட்ட ஒரு மணல் கடிகாரம்கூட இருந்தது.

இருந்தது என்றுதான் சொல்ல முடியும். மேசை முழுக்கப் போர்சோக், அதுதான் பொரித்த மாவுத் துண்டுகளைக் கொட்டி, நாலு வகை ஜாம், குதிரை இறைச்சி, அது முடிவதற்குள் சுடச்சுட வறுவல். கடிகாரம் ரொட்டிக்கு அடியில் எங்கோ போய்விட்டது. "சாப்பிடாம என்ன தொழில்? எடு, எடு" என்கிறார் அக்கா. ஒருவழியாக பெகாயிம் புது மெழுகுவர்த்தியை ஏற்றினாள். பல் பிடுங்குகிற இடத்து வாசனை. எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"அருமை" என்றார் அக்கா. "அருமை" என்றோம் நாங்களும். அவள் வீட்டு உப்பைத் தின்றவர்கள் வேறென்ன சொல்வது? இத்தனைக்கும் அது அவள் வீடுகூட இல்லை.

நாலாவது ஆள் நுரிலா. பட்டுச் சால்வையில் சாயம் தீட்டுகிறவள். என் வயதுதான். சிரித்தால் முகம் முழுவதும் சிரிக்கிறது. பிடித்திருந்தது.

பிப்ரவரி 8, வியாழன்

என் வீட்டு முறை. தொழிலை வளர்க்கச் சேர்ந்த குழுவுக்காக இரண்டு நாள் தொழிலை மூட்டை கட்டிவிட்டு சமைத்தேன். இதை யாரிடம் சொல்லி அழ?

குதிரைக்குட்டிக் கிண்ணங்களை எடுத்து வைத்தேன். பிறந்த அன்றைக்கு எழுந்து நிற்கப் பார்க்கிற குட்டி. நாலு காலும் நாலு திசையில். இதுவரை நான் வரைந்ததில் இது ஒன்றுதான் நானே திரும்பத் திரும்பப் பார்ப்பது. நுரிலா கிண்ணத்தைக் கையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "என்ன அழகு இந்தக் குட்டி. இப்படி ஒண்ணு எனக்கு வரமாட்டேங்குதே."

"எடுத்துக்கோ" என்றேன். "உன்னோடதுன்னே வெச்சுக்கோ."

வீட்டுக்கு வந்தவள் ஒன்றை நல்லாயிருக்கு என்றால் வாய் தானாக அப்படித்தான் சொல்லும். அம்மா சொல்வாள், மாமியார் சொல்வாள், நானும் சொல்கிறேன். வந்தவள் "ஐயோ வேண்டாம், உன்கிட்டயே நல்லாயிருக்கட்டும்" என்பாள். அத்தோடு தீர்ந்தது.

நுரிலா அதைச் சொல்லவில்லை. என்னைக் கட்டிப்பிடித்தாள். கிண்ணத்தைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தனுப்பினேன். கிண்ணம்தானே?

பிப்ரவரி 9

பாத்திரம் கழுவினேன். வேறொன்றுமில்லை.

பிப்ரவரி 22, வியாழன்

பெகாயிம் வீடு. இன்றைக்கு என் தொழில்தான் பேச்சு. விலையை ஏற்று என்கிறார் அக்கா. மலிவாக விற்றால் மலிவாகத்தான் பார்ப்பார்களாம். விலையை இறக்கு என்கிறாள் பெகாயிம். கடைத்தெருவில் சீனக் கிண்ணம் என்ன விலை என்று தெரியுமா என்கிறாள். குட்டியையே போட்டுக்கொண்டிருக்காதே, அலுத்துவிடும் என்று ஒரு கட்சி. குட்டியைத் தவிர வேறு எதையும் போடாதே என்று இன்னொரு கட்சி. ஒருமுறை இரண்டு கட்சியும் அக்காவே.

நுரிலா அதிகம் பேசவில்லை. மடியில் கையை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

போகும்போது ஒரு குழப்பம் இருந்தது. வரும்போது ஏழெட்டு. இதற்குப் பெயர் வளர்ச்சி போலும்.

மார்ச் 8

பெண்கள் தினத்துக்குக் குட்டிக் கிண்ணங்கள் எல்லாம் போய்விட்டன. மாதுளை போட்டவை அப்படியே கிடக்கின்றன. தாலாய் கடைசிப் பெட்டியைத் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான். "பரவாயில்லையே உன் நொண்டிக் குட்டி" என்றான். நொண்டி இல்லை, பிறந்த குட்டி என்றேன். சந்தோஷமாகத் தூங்கப் போகிறேன்.

மார்ச் 21, புதன். நூருஸ், புத்தாண்டு

எங்கே ஆரம்பிப்பது?

சதுக்கத்தில் கைவினைச் சந்தை. எனக்கு ஓரத்தில், பொங்கிக்கொண்டிருந்த சுமோலோக் கஞ்சி அண்டாவுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்திருந்தது. கோதுமைப் புகையெல்லாம் என் மேல்தான். மத்தியானம் ஒரு பெண் வந்து கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள், "இது அந்தச் சால்வைக்காரங்க குட்டியாச்சே. அவங்களைப் பாத்துப் போட்டீங்களா?"

எந்தச் சால்வைக்காரங்க?

எதிர் வரிசைக்குப் போனேன். நுரிலா. தலைக்கு மேல் கயிறு கட்டி வரிசையாகச் சால்வைகள். ஒவ்வொன்றிலும் என் குட்டி. அதே நாலு கால், அதே நாலு திசை. நீலத்தில், மஞ்சளில். கூட்டம் வேறு.

என்னைப் பார்த்ததும் ஒளிந்துகொள்வாள் என்று நினைத்தேன். இல்லை, ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "வந்துட்டியா! பாரேன், எப்படி இருக்கு?"

நான் என்ன சொன்னேன்?

"ரொம்ப நல்லாயிருக்கு" என்றேன்.

அடி பாவி மகளே, உனக்கு நாக்கு எதற்கு? சொன்னதும் அவள் ஒன்றை அவிழ்த்து என் தோளில் போட்டாள். "எடுத்துக்கோ. உனக்குன்னுதான் நீலம் போட்டேன்." நான் வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. என் குட்டியை நானே தோளில் போட்டுக்கொண்டு என் கடைக்குத் திரும்பி வந்தேன். பார்த்தவர்கள் எல்லாம் சால்வை நன்றாயிருக்கிறது என்றார்கள்.

மார்ச் 22

நான் ஒன்று கொடுத்தேன். அவள் ஒன்று கொடுத்துவிட்டாள். அப்படியென்றால் தீர்ந்துவிட்டதா? ஊர் வழக்கப்படி பார்த்தால் நான் இனி வாயைத் திறக்கக் கூடாது. திறக்கத்தான் வாய் துடிக்கிறது. நான் கொடுத்தது கிண்ணமா, குட்டியா? "உன்னோடது" என்றால் எது வரைக்கும் உன்னோடது?

மார்ச் 30

தாலாயிடம் சொன்னேன். சிரித்துவிட்டான். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "நல்லவேளை, என்னை நல்லாயிருக்கான்னு எவளும் சொல்லலை" என்றான். அவன் மேல் தலையணையை எறிந்தேன்.

ஆனால் சந்தைக்குப் பிறகு குட்டிக் கிண்ணம் கேட்டு இரண்டு பேர்தான் வந்தார்கள். அதில் ஒருத்தி நுரிலாவின் சால்வைக்கு ஜோடியாகத் தேடுகிறாள். இப்படியே போனால் கோடையில் வங்கி நாற்காலிதான்.

ஏப்ரல் 5, வியாழன்

அக்கா வீட்டுக் கூட்டத்துக்கு நுரிலா வரவில்லை, மகளுக்குக் காய்ச்சலாம். அதனால் பேச முடிந்தது. அவள் இல்லாத இடத்தில் பேசுகிறோமே என்று ஒரு பக்கம் குத்தியது, பேசாமலும் இருக்கவில்லை.

"திருட்டுதான் இது, வேறென்ன?" என்றாள் பெகாயிம்.

"திருட்டா? இவ நம்ம கண்ணு முன்னாடி குடுத்தா. நானே பாத்தேன்" என்றார் ஜிபார் அக்கா.

"வாய் வார்த்தைக்குச் சொன்னதுக்கா!"

"வாய் வார்த்தைன்னா யார் வாயை நம்பறது? நாளைக்கு உன் வாயையா?"

இருவரும் கத்த ஆரம்பித்தார்கள். சுவரில் விதிகள் ஒட்டியபடியே இருந்தன. கடைசியில் அக்கா என் பக்கம் திரும்பினார். "அவகிட்ட கேட்டியா?"

இல்லை.

"அப்ப எங்ககிட்ட என்ன கேக்கற?"

பெகாயிம் சொன்னால் பெகாயிம் சரி. அக்கா சொன்னால் அக்கா சரி. என் தலை என்ன தலையோ.

ஏப்ரல் 12

நுரிலாவைக் கூப்பிடக் கைப்பேசியை எடுத்தேன், வைத்தேன். எடுத்தேன், வைத்தேன். பிறகு ஜன்னல் துடைத்தேன்.

ஏப்ரல் 19, வியாழன்

நுரிலா வீட்டு முறை. மற்றவர்கள் வருவதற்கு முன்பே போய்விட்டேன். அவள் மாவுக் கையோடு கதவைத் திறந்தாள். நீலச் சால்வையை மடித்துக் கொண்டுபோயிருந்தேன். மேசை மேல் வைத்தேன். அவள் முகம் அறை வாங்கியதுபோல் ஆயிற்று.

"என்னது இது?"

"நுரிலா, அந்தக் குட்டி என்னோடது. அன்னிக்கு நான் எல்லாரும் சொல்ற மாதிரிதான் சொன்னேன். நீ நிஜமா எடுத்துப்பேன்னு நினைக்கலை."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "எனக்கு உன் கிண்ணம் பிடிச்சது. குட்டியைச் சால்வைல போட எனக்கு இஷ்டமே இல்ல. பட்டுல குதிரைக்கால் கோணலாத் தெரியுது. ரெண்டு வாரம் உள்ளயே வெச்சிருந்தேன். அப்புறம், இவ்வளவு பெரிய மனசோட குடுத்தாளே, போடாம விட்டா அவமதிச்ச மாதிரி ஆயிடுமேன்னு போட்டேன். சந்தைல நீ வந்ததும் உனக்குக் காட்டணும்னு ஓடி வந்தேன். நீயும் நல்லாயிருக்குன்னே."

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா, இரண்டும்தான். நான் அவள் மனம் நோகக்கூடாதென்று கொடுத்தேன். அவள் என் மனம் நோகக்கூடாதென்று எடுத்திருக்கிறாள். நடுவில் குட்டி ஊரெல்லாம் சுற்றிவிட்டது.

"விக்க ஆரம்பிச்சதும் எனக்கும் பிடிச்சுப்போச்சு" என்றாள் தலையைக் குனிந்து. "அதை மறைக்கல. இந்த மாசம் வீட்டு வாடகையே அந்தக் குட்டிதான் குடுத்துது."

சால்வையை என் பக்கம் தள்ளினாள். "இதை எடுத்து உள்ள வை. குடுத்ததை யாராவது திருப்பிக் குடுப்பாங்களா?" அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நீ குடுத்ததை மட்டும் எப்படித் திருப்பிக் கேக்கற?"

வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த ஒரு வாக்கியமும் அந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை.

"தெரியல" என்றேன். "நியாயமான்னுகூடத் தெரியல. ஆனா கேக்கறேன். அது இல்லைன்னா நான் வங்கிக்குப் போகணும். எனக்குப் போக வேண்டாம்."

அழைப்புமணி அடித்தது. அக்காவும் பெகாயிமும். நுரிலா எழுந்து கதவுப்பக்கம் போனவள் திரும்பி நின்றாள். "சரி. இருக்கற சால்வை வித்துத் தீர்ந்ததும் நிறுத்திடறேன். ஆனா நான் எதைப் போடறது, அதையும் நீயே சொல்லு" என்றாள். குரலில் கோபம்தான். பிறகு எல்லோருக்கும் தேநீர் ஊற்றினாள். எனக்கும், எப்போதும்போல் பாதிக் கிண்ணம். நிறைய ஊற்றினால்தான் எழுந்து போ என்று அர்த்தம்.

ஏப்ரல் 20

ஜெயித்த மாதிரியே இல்லை. ஒருத்தி வாடகையில் கைவைத்தேனோ? சரியாகத்தான் செய்தேனா? சரிதான். சரிதானா?

மே 3, வியாழன்

வங்கியில் என் நாற்காலிக்கு வேறொருவரைப் போட்டுவிட்டார்களாம். தாலாய் காலையில் சொன்னான். ஓகோ என்று சொல்லிவிட்டுச் சூளைக்குப் போய்விட்டேன். பயந்திருக்க வேண்டிய செய்தி என்பது மத்தியானம்தான் உறைத்தது.

கூட்டத்துக்கு நுரிலா புதுச் சால்வை கொண்டுவந்தாள். நரி. மூலையில் சுருண்டு படுத்த சிவப்பு நரி. அக்கா "அருமை" என்றார். பெகாயிம் "அருமை" என்றாள். நுரிலா என்னைப் பார்த்தாள்.

வாய் வரைக்கும் வந்துவிட்டது, அருமை. விழுங்கினேன். "இது நரி இல்ல, பூனை" என்றேன்.

அவள் சால்வையை உருட்டிப் பைக்குள் திணித்தாள். அதற்குப்பின் எனக்கு ஜாம் கிண்ணத்தைக்கூட நகர்த்தவில்லை. வரும் வழியெல்லாம் பெகாயிம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள், உன் வாயில் தையல் போட வேண்டும் என்று.

இப்போதுதான் கைப்பேசியில் ஒரு படம் வந்தது. நரிக்கு மூக்கை நீட்டியிருக்கிறாள், வாலைப் புசுபுசுவென்று ஆக்கியிருக்கிறாள். கீழே ஒரே வார்த்தை: "இப்ப?"

பெரிதாக்கிப் பார்த்தேன். நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தேன்.

"இன்னும் பூனைதான்" என்று எழுதி அனுப்பினேன். "காதைப் பாரு."