நீ மூடாமல் விட்ட குழாய்

என் அருமை அண்ணா,

ஆட்களுக்கு முன்னால் உன்னை ‘நீங்கள்’ என்பேன், தனியே என்றால் ‘நீ’. இந்தக் கடிதத்தைக் கோயிலில் எல்லாரும் வாசிக்கப் போகிறார்கள். வாசிக்கட்டும். இன்றைக்கு எனக்கு ‘நீங்கள்’ வாயில் வரவில்லை.

உன் நினைவு மலர் பிந்திக்கொண்டே போகிறது. என்னுடைய பக்கம்தான் பாக்கியாம். ‘பாசமிகு அண்ணன், பண்பின் சிகரம்’ என்று தொடங்கினேன். நீ வாய்விட்டுச் சிரிப்பது போலிருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன். அதைவிட உன் அடுப்புக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

அது வெறும் அடுப்பு இல்லை என்று நீ சண்டைக்கு வருவாய். சரி, வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். ரொக்ஸ்பரோவில் உன் வீட்டின் பின்வளவில் ஒரு பெரிய இரும்புப் பெட்டி. உள்ளே விறகு எரியும், அதைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். சுடுதண்ணீர், ஒரு பம்ப் தள்ள, மண்ணுக்குக் கீழே புதைத்த குழாயால் வீட்டுக்குள் போய் அறைகளைச் சூடாக்கிவிட்டுத் திரும்பி வரும். தொழிற்சாலையில் நாள் முழுக்க வெல்டிங் வேலையில் இரும்பு ஒட்டிவிட்டு வந்து, பின்னேரங்களில் நீயே ஒட்டிக் கட்டியது.

ஐஸ் மழை பெய்து, கம்பியெல்லாம் உறைந்து அறுந்து, நாட்கணக்கில் கரன்ட் போனதே, அப்போது பிடித்த பிடிவாதம் அது. பிள்ளைகள் இரண்டும் ஜக்கெட்டோடும் தொப்பியோடும் படுத்ததைப் பார்த்துவிட்டு வந்து, “இனி என்ர பிள்ளையள் இப்பிடிப் படுக்காது” என்று சொன்னாய். விறகு எரிக்க நகரசபை விடாது என்று அண்ணி தலைப்பாடாக அடித்துக்கொண்டா. “கரன்ட் போன நாளில மட்டும்தானே மூட்டப்போறன். குளிரில கிடக்கிறவனை ஆர் வந்து கேக்கப்போறான்?” என்றாய். உன்னோடு கதைத்து வெல்ல யாரால் முடியும்?

நானும் நக்கலடித்தேன்தான். “கரன்ட் போனா மூட்டுற அடுப்புக்குக் கரன்டில ஓடுற பம்ப் பூட்டுற ஆளை இப்பதான் பாக்கிறன்.” ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. பிறகு ஒரு கார் பற்றரியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாய்.

கார்டெரியில் பிள்ளை பார்க்கிற வேலை முடிந்து நான் அந்தப் பக்கம் வந்தால் உனக்கு டோர்ச் வெளிச்சம் பிடிப்பது என் வேலை. அப்படி நின்ற ஒரு பின்னேரம்தான், மேலே புகைபோக்கிக்குப் பக்கத்தில் வாய் திறந்தபடி நின்ற சின்னக் குழாயைக் காட்டிச் சொன்னாய். “இதை மட்டும் ஒருநாளும் மூடக்கூடாது, ஜெசி. தண்ணி கொதிச்சா ஆவி இதாலதான் போகவேணும். மூடினா இது அடுப்பில்லை, குண்டு.” நான் தலையாட்டினேன். கை விறைத்தது, எப்போது வீட்டுக்குள் போகலாம் என்றுதான் யோசித்துக்கொண்டு நின்றேன்.

இலையெல்லாம் உதிர்ந்து முடிகிற நேரம் நீ போனாய். விறகு அடுக்கிக்கொண்டிருந்த இடத்திலேயே. சில நாட்களாகவே நெஞ்சு நோ இருந்திருக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். இருந்ததா, அண்ணா?

செத்தவீடு என்று அண்ணி சமையல் அடுப்பு மூட்டவில்லை. கோயில் சனம் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்தது. ஆண்களுக்குச் சமைக்கத் தெரியாதே, அவர்கள் வேறொன்றைக் கையில் எடுத்தார்கள். உன்னோடு ஒன்றாக வேலை செய்த அன்ரன் அண்ணை நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, நீ குறையில் விட்ட வேலையை முடிக்க வந்துவிட்டார். முப்பத்தோராம் நாள் பூசை முடிய ஃபாதர் வந்து மந்திரிப்பார், அண்ணி முதல் விறகை வைப்பா, வீட்டில் மறுபடி நெருப்பு எரியும். அப்படித்தான் ஏற்பாடு. கேட்டபோது எனக்கும் கண் கலங்கியது.

பூசை முடிந்து எல்லாரும் பின்வளவில் கூடி நின்றபோதுதான் நான் மேலே பார்த்தேன். அந்தக் குழாயின் வாயை ஒரு தகட்டால் மூடி, சுற்றிவர ஒட்டி, அதன்மேல் அழகான ஒரு சிலுவையை நிறுத்தியிருந்தார்கள்.

“திறந்து கிடந்தது, தங்கச்சி. பனி விழுந்து துருப்பிடிச்சுப்போகும். அவன் அவசரத்தில விட்டிட்டான்போல. அதுதான் அவன்ர பேரில சிலுவையா வைச்சு மூடினனான்” என்றார் அன்ரன் அண்ணை. அவருடைய கண்ணும் நிறைந்திருந்தது. அன்பால் செய்தவரை என்ன சொல்வது?

ஆனாலும் சொன்னேன். நீ சொன்னதைச் சொல்லி, அதை வெட்டாமல் மூட்டக்கூடாது என்றேன். அண்ணியின் முகம் இருண்டது. “சிலுவையை வெட்டச் சொல்லுறீரோ? அதுவும் இண்டைக்கு?” யாரோ பின்னால் ‘இவவுக்கு என்ன தெரியும்’ என்றார்கள். இரும்பு ஒட்டுகிறவர்கள் நாலு பேர் நிற்க, குழந்தைகளுக்கு மூக்குத் துடைக்கிற நான் சொன்னால் யார் கேட்பார்கள்? பிள்ளைகளின் ஜன்னல் நேரே தெரிந்தது. வேறு வழி தெரியாமல் அடுப்பின் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். “மூட்டிறதெண்டா என்னையும் சேர்த்து மூட்டுங்கோ.”

ஃபாதர் பாவம், தீர்த்தத்தைத் தெளித்துவிட்டு உள்ளே போனார். எல்லாரும் சாப்பிட்டார்கள், போனார்கள். அண்ணி அன்றிலிருந்து என் ஃபோனை எடுக்கவில்லை. இணையத்தில் தேடினேன், நீ சொன்னதேதான் இருந்தது. அவவுக்கு அனுப்பிவைத்தேன். அதற்கும் பதில் இல்லை. உன் அடுப்பை மூட்டவிடாத தங்கச்சி என்று கோயிலில் எனக்கு ஒரு பெயர். கோபம் உன்மேல்தான் வந்தது. இதை நாலு பேருக்குச் சொல்லி வைத்திருந்தால் என்ன?

போன கிழமை மறுபடி ஐஸ் மழை. ரொக்ஸ்பரோவில் கரன்ட் போய்விட்டது என்று கேள்விப்பட்டதும் அண்ணிக்கு ஃபோன் அடித்தேன். எங்கள் அஹுன்ட்சிக் பக்கம் வெளிச்சம் இருந்தது. அண்ணி ஃபோனை எடுக்கவில்லை. வழுக்கி வழுக்கிக் காரை ஓட்டிக்கொண்டு போனேன். அவ்வளவு தூரமும் செபமாலை சொல்ல வரவில்லை, ‘மூட்டிப்போடாதேங்கோ, மூட்டிப்போடாதேங்கோ’ என்றுதான் வந்தது.

அண்ணி பின்வளவில் நின்றா. அடுப்பின் கதவு திறந்திருந்தது. உள்ளே நீ அடுக்கிவைத்த விறகு. கையில் நெருப்புப் பெட்டி. எவ்வளவு நேரம் அப்படி நின்றாவோ, தலைமுடியெல்லாம் ஐஸ்.

“உம்மட அண்ணர் மெய்யாவே அப்பிடிச் சொன்னவரோ?”

“ஓம் அண்ணி. என்ர முகத்தைப் பார்த்துச் சொன்னவர்.”

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

அப்போதுதான் விளங்கியது, அண்ணா. சிலுவை அல்ல அவவுக்கு நோவு. ஏன் அவவுக்குச் சொல்லவில்லை? பயப்படுவா என்று விட்டாயா? பிறகு சொல்லலாம் என்று இருந்தாயா? உனக்கு எப்போதும் எல்லாம் பிறகுதான்.

அண்ணி நெருப்புப் பெட்டியை என் கையில் தந்தா. பிறகு மெல்லக் கேட்டா. “நெஞ்சு நோகுதெண்டு உமக்காவது சொன்னவரோ?”

“இல்லை அண்ணி. எனக்கும் சொல்லேல்லை.”

உன் செத்தவீட்டில்கூட அழாத மனிசி அப்போதுதான் அழுதா. என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, அந்த ஐஸ் மழைக்குள். நானும் அழுதேன். பிள்ளைகள் ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்று எல்லாரும் என் வீட்டில்தான் படுத்தார்கள், ஜக்கெட் இல்லாமல்.

அந்த அடுப்பு ஒருநாளாவது எரியுமோ தெரியாது. நகரசபையிடம் கேட்டுப் பார்க்காமல் மூட்டுவதில்லை என்று அண்ணி சொல்லிவிட்டா. அண்ணி கேட்டதும், சிலுவையைச் சனிக்கிழமை அன்ரன் அண்ணை தன் கையாலேயே வெட்டித் தருகிறேன் என்றார். அதை அடுப்பின் கதவில் ஒட்டச் சொல்லியிருக்கிறோம்.

இது என் வாக்கு, அண்ணா. சனிக்கிழமை டோர்ச் அண்ணியின் கையில் இருக்கும். நீ எனக்குச் சொன்னதையெல்லாம் ஒவ்வொரு குழாயாகத் தொட்டு அவவுக்குச் சொல்லுவேன். எங்கள் இரண்டு பேரில் யாருக்கு எது நொந்தாலும் அதையும் சொல்லிக்கொள்வோம். நீ சொல்லாமல் போன ஒன்றுக்காக இந்த வீட்டில் இனி யாரும் அழக்கூடாது.

உன்மேல் இன்னும் கோபம் ஆறாத,
உன் தங்கச்சி
ஜெசி